முகாம் முகவரியில் ஒரு பாஸ்போர்ட்

டாக்காவில் எனக்குப் பழக்கமான வங்காள நண்பர் ஒருவர் இருக்கிறார். தோல் வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். அந்த ஊரின் முகமதுபூர் பகுதியில் உருது பேசுகிறவர்கள் வாழும் ஜெனீவா முகாமைப் பற்றி எப்போது பேச்செடுத்தாலும் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "அது 2008லேயே முடிஞ்சுபோன விஷயம் பாய். ஓட்டு குடுத்தாச்சு, அடையாள அட்டை குடுத்தாச்சு. இன்னும் என்ன வேணுமாம்?" அவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. அந்த வருடம் மே மாதம், முகாமில் வளர்ந்த உருதுக்காரர்கள் பங்களாதேஷ் குடிமக்கள்தான் என்று அந்த நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. டிசம்பர் தேர்தலில் முகாம்காரர்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். நாடற்றவர்களின் எண்ணிக்கை உலகத்தில் எங்கெல்லாம் குறைந்தது என்று சொல்லும்போது ஐ.நா. அகதிகள் ஆணையமும் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுவதுண்டு. ஆனாலும் அந்த முகாமுக்குள் போய்விட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் நண்பரின் பதில் எனக்கு ஒட்டவில்லை. முடிந்துபோன விஷயம் என்றால் இத்தனை ஆயிரம் பேர் ஏன் இன்னும் 1972ல் ஒதுங்கிய அதே இடத்தில், எட்டடி அறைகளில், மூன்றாவது தலைமுறையை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள்? பல வருடமாக மனதில் கிடந்து உறுத்துகிற கேள்வி இது. எழுதித்தான் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வாணியம்பாடிக்காரன். வீட்டில் உருது, தெருவில் தமிழ், பள்ளிக்கூடம் தமிழ் மீடியம். ஃபினிஷிங் கெமிக்கல் விற்கும் கம்பெனியில் டெக்னீஷியன். எங்கள் சரக்கை வாங்கும், தோல் பதனிடும் டேனரிகளுக்குப் போய், நிறம் ஏன் ஒட்டவில்லை, மேல்பூச்சு ஏன் வெடிக்கிறது என்று பார்த்துச் சரி செய்து கொடுப்பது வேலை. அப்படித்தான் டாக்காவுக்குப் போகத் தொடங்கினேன். அப்போது டேனரிகள் எல்லாம் ஹசாரிபாக்கில் இருந்தன. 2017ல் கரண்டையும் தண்ணீரையும் வெட்டி அவற்றைச் சாவருக்கு விரட்டினார்கள், அது தனிக் கதை. ஹசாரிபாக்கிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் ரிக்‌ஷாவில் போனால் முகமதுபூர் வந்துவிடும். சாயங்காலமானால் சாப்பிட அங்கே போவது என் வழக்கம். முதல் தடவை போனபோது, ஒரு கபாப் கடையின் கல்லுக்குப் பின்னால் இரண்டு பையன்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். உருதுவில். வங்காளத்துக்கு நடுவே என் காதுக்கு அது சொந்தக்காரர் குரல் மாதிரி இருந்தது. நானும் உருதுவிலேயே பேச்சுக் கொடுத்தேன். இரண்டு பேரும் சட்டென்று சண்டையை நிறுத்தி, என்னை மேலும் கீழும் பார்த்து, வங்காளத்தில் "என்ன வேணும் சார்?" என்றார்கள்.

அந்தப் பார்வையின் அர்த்தம் அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை. நான் இந்தியன். ஹோட்டலில், டேனரியில், ரிக்‌ஷாவில் எங்கே உருதுவில் பேசினாலும் "ஹிந்தி நல்லாப் பேசுறீங்க" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அதே மொழியை அந்தப் பையன்கள் பேசினால் அதற்கு வேறு கணக்கு. மொழிக்காக உயிர்விட்டவர்களுக்கு வருடாவருடம் பிப்ரவரி 21 அன்று வெறுங்காலோடு நடந்துபோய்ப் பூ வைக்கும் ஊர் அது. 1952ல் அப்படி உயிர்விட்ட வங்காளப் பிள்ளைகள் மீது பாகிஸ்தான் அரசு திணித்த மொழி உருது. எங்கள் பக்கமும் மொழிச் சங்கடம் இல்லாமல் இல்லை. 2006ல் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிச் சட்டம் வந்தபோது வாணியம்பாடி, ஆம்பூர் உருதுப் பள்ளிகளில் எவ்வளவு கவலை இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் அது பாடத்திட்டத்தோடு நின்ற கவலை. உருது பேசுகிற காரணத்துக்காக யாரும் எங்கள் ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுத்ததில்லை.

சுற்றிலும் பேரரசர்கள், நடுவில் முகாம்

முகமதுபூரில் தெருக்களுக்கெல்லாம் மொகலாயப் பெயர்கள். பாபர் ரோடு, ஹுமாயூன் ரோடு, ஷாஜஹான் ரோடு, நூர்ஜஹான் ரோடு, தாஜ்மஹல் ரோடு. பிரிவினைக்குப் பிறகு பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த உருதுக்காரர்களுக்காக, இந்த நாடு கிழக்குப் பாகிஸ்தானாக இருந்தபோது, பாகிஸ்தான் அரசு கட்டிய குடியிருப்பு அது. 1946 கலவரத்தில் பீகாரில் வெட்டுப்பட்டு ஓடிவந்தவர்கள் பாதி என்றால், ரயில்வேயில் இருந்தபடியே "பாகிஸ்தான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் பாதி. வடக்கே சையத்பூரில் ரயில்வே பட்டறையைச் சுற்றி இன்றைக்கும் முகாம் முகாமாக இருப்பது அந்தக் கூட்டத்தின் வழிவந்தவர்கள்தான். காசியிலிருந்து வந்த நெசவாளர்கள் மீர்ப்பூரில் தறி போட்டார்கள். பெனாரசிப் பட்டுக்கு டாக்காவில் இன்றும் அங்கேதான் போக வேண்டும்.

இந்தப் பேரரசர்களின் ரோடுகளுக்கு நடுவே அடைபட்ட சில ஏக்கர்தான் ஜெனீவா முகாம். 1971ல் பாகிஸ்தானிலிருந்து பங்களாதேஷ் பிரிந்த போர் முடிந்து, வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட உருதுக்காரர்களை செஞ்சிலுவைச் சங்கம் இங்கே கொண்டுவந்து வைத்தது. அதன் தலைமையகம் இருக்கும் ஊர்ப் பெயர் முகாமுக்கு ஒட்டிக்கொண்டது. கூடாரம் போய் மூங்கில் தட்டி வந்தது, தட்டி போய்ச் செங்கல் வந்தது. பக்கவாட்டில் இடமில்லாததால் மேலே மேலே கட்டினார்கள். 2006ல் எடுத்த ஒரு கணக்குப்படி நாடு முழுக்க 116 முகாம்களில் ஒன்றரை லட்சம் பேர். வெளியே வாழ்பவர்களையும் சேர்த்தால் உருதுக்காரர்கள் மூன்று லட்சம் வரை இருப்பார்கள் என்பார்கள். ஜெனீவா முகாமில் மட்டும் 25,000க்கும் மேல்.

உள்ளே சந்துகள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்கும் அகலம். தலைக்கு மேலே கரண்டு ஒயர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். யாராவது இறந்துபோனால் ஜனாஸாவைப் படுக்கைவாட்டில் வளைத்துக் கொண்டுவர முடியாத மூலைகள் உண்டு, சாய்த்துப் பிடித்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். காலையில் கக்கூஸ் வரிசை. கையில் வாளியோடு ஆண்களும் பெண்களும் நிற்பார்கள், ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகளை முன்னால் விடுவார்கள். இந்த ஒரு மரியாதை மட்டும் எந்தச் சண்டையிலும் மாறாமல் இருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

இரவானால் முகாமின் விளிம்பு வேறு ஊராகிவிடும். சாப் என்கிற இறைச்சி வறுவல், லுச்சி என்கிற பூரி, குர்தா என்கிற சிறுநீரகக் கறி, மூளை வறுவல், பிரியாணி என்று புகை எழும்பும். முஸ்தகீமின் சாப் கடை டாக்கா முழுக்கப் பிரசித்தம். வசதியானவர்கள் வாழும் குல்ஷனிலிருந்தும் தான்மண்டியிலிருந்தும் காரில் வந்து, பெஞ்சில் இடிபட்டு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். என் நண்பரும் வெள்ளிக்கிழமைதோறும் குடும்பத்தோடு வருவார். சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கடைக்குப் பின்னால் பத்தடி உள்ளே போனவர்கள் அவர்களில் யாரும் இருக்க மாட்டார்கள்.

உஸ்தாதின் அறை

என்னை உள்ளே கூட்டிப் போனது வேலைதான். லெதர் கைப்பையில் ஜரிகை வேலைப்பாடு வேண்டும் என்று ஒரு டேனரி முதலாளிக்கு ஆர்டர் வந்தது. மென்மையான தோலில் ஊசி ஏறும்போது மேல்பூச்சு விரிசல் விடாமல் இருக்க வேண்டும். அதைப் பார்க்க என்னை ஒரு கார்ச்சுப்பிக்காரரிடம் அனுப்பினார்கள். நம் ஊரில் கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிறார்களே, அதே குடும்பத்து வேலை. மரச்சட்டத்தில் துணியை விறைப்பாகக் கட்டி, சுற்றிலும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஜர்தோசிக் கம்பியும் மணியும் கோத்துக் குத்துவது. அவரை எல்லாரும் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. 1971ல் அவர் எட்டு வயதுப் பையன்.

அந்த அறையை நான் எப்போதும் அளந்து பார்த்ததில்லை, அளக்கவும் தேவையில்லை. சட்டத்தைக் கிடத்தினால் அறை முடிந்துவிடும். நான்கு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்தால் அவர்கள் முதுகு சுவரில் இடிக்கும். பகலில் அதுதான் பட்டறை. ராத்திரி பத்து மணிக்குச் சட்டத்தைத் துணியோடு தூக்கிச் சுவரில் ஆணியடித்த இரண்டு கொக்கிகளில் மாட்டிவிட்டு, கீழே பாய் விரிப்பார்கள். துணியில் எண்ணெய் படக் கூடாது என்பதால் சமையல் மேல் அறையில். மேலே போக ஒரு இரும்பு ஏணி. மகனும் மருமகளும் மேலே, உஸ்தாதும் அவர் மனைவியும் கல்யாணமாகாத சின்ன மகனும் கீழே. தறிக்கோ கடைக்கோ இரவு வேலைக்குப் போகிற ஆள் வீட்டில் இருந்தால் அது பெரிய வசதி, தூங்க ஒரு ஆள் குறைவு என்று உஸ்தாதின் மனைவி, எனக்கு பாபி, சாதாரணமாகச் சொன்னார்கள். பெரிய மகன் இரவில் பிரியாணிக் கடையில் வேலை பார்த்துவிட்டு விடிகாலையில் வருவான். மற்றவர்கள் எழுந்த பாயில் அவன் படுப்பான்.

மேல் அறையின் தகரக் கூரையில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குச் சதுரமாக வெட்டி, மூடி போட்டிருந்தது. காற்றுக்கா என்று கேட்டேன். இல்லை, கால்ஷிக்குப் பிறகு வெட்டியது என்றார் உஸ்தாத். 2014 ஜூன் 14 விடிகாலை, ஷபே பராத் இரவு முடிந்த நேரம், மீர்ப்பூர் கால்ஷியில் குர்மிதோலா முகாமில் பட்டாசுத் தகராறில் தொடங்கிய சண்டையில் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். வெளியே பூட்டப்பட்டிருந்த ஒரு வீட்டுக்குள் ஒரே குடும்பத்தில் ஒன்பது பேர் கருகிப் போனார்கள். பத்தாவது ஆள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலி. முகாம் இடத்தின் மேல் கண் வைத்தவர்களின் வேலை அது என்று முகாம்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். உஸ்தாத் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. கூரையை வெட்டிய கொல்லனுக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று மட்டும் சொன்னார்.

ராயேர்பஜாரைத் தாண்டித்தான் போக வேண்டும்

இந்தக் கதையை முகாம்காரர்கள் பக்கமிருந்து மட்டும் சொன்னால் நான் நேர்மையாக எழுதியவன் ஆக மாட்டேன். ஹசாரிபாக்கிலிருந்து முகமதுபூர் போகும் வழியில் ராயேர்பஜார். அங்கே செங்கல் சூளைப் பள்ளத்தில்தான் 1971 டிசம்பரில், பாகிஸ்தான் படை சரணடைவதற்குச் சற்று முன்பு, கண்ணைக் கட்டி இழுத்துச் சென்ற பேராசிரியர்கள், டாக்டர்கள், பத்திரிகைக்காரர்களின் உடல்கள் கிடந்தன. இப்போது அங்கே நீளமான ஒரு செங்கல் சுவர் நினைவுச்சின்னமாக நிற்கிறது. அவர்களை அடைத்துவைத்துச் சித்திரவதை செய்த உடற்பயிற்சிக் கல்லூரி முகமதுபூரிலேயே இருக்கிறது. அதை நடத்திய, பாகிஸ்தான் ராணுவத்துக்குத் துணைநின்ற அல்-பதர் கூட்டத்தில் வங்காளிகளே முக்கியமானவர்கள் என்றாலும், உருதுக்காரர்களில் பலர் போர் நடந்த அந்த ஒன்பது மாதமும் ராணுவத்தின் பக்கம் நின்றார்கள், அதன் துணைப்படையில் ரஜாக்கர்களாகச் சேர்ந்தார்கள், பக்கத்து வீட்டைக் காட்டிக் கொடுத்தார்கள். என் நண்பரின் சித்தப்பா அந்த வருடம் வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. வந்து கூப்பிட்டவன் உருதுவில் பேசினான் என்று நண்பரின் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவரிடம் போய் நான் நியாயம் பேச முடியாது.

அதே சமயம் இன்னொரு பக்கமும் நடந்தது. சந்தாஹாரில், குல்னாவில், இன்னும் பல ஊர்களில் உருதுக்காரர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள், போர் தொடங்கிய சமயத்திலும் முடிந்த பிறகும். மொழிப் போராட்டத்தின்போது வங்க மொழிக்காகக் கவிதை எழுதிய நௌஷாத் நூரி ஓர் உருதுக் கவிஞர். அவரைப் போன்றவர்களைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் அப்போது பொறுமை இல்லை. உருது பேசுகிறவர்களின் வீடுகள் 1972ல் "கைவிடப்பட்ட சொத்து" என்ற ஆணையின் கீழ் அரசுக்குப் போயின. உஸ்தாதின் அப்பா கட்டிய வீடு ஷாஜஹான் ரோட்டில் இருந்தது. இப்போது அங்கே ஆறு மாடி அபார்ட்மென்ட், கீழே மருந்துக் கடை. சர்க்கரை மாத்திரை வாங்க உஸ்தாத் அந்தக் கடைக்குத்தான் போகிறார். நெருக்கத்தில் இருக்கிற மருந்துக் கடை அதுதான்.

எட்டு வயதுப் பையன் என்ன செய்திருப்பான் என்ற கேள்விக்கு என் நண்பரிடமும் பதில் இல்லை. அவர் நேர்மையானவர், அதனால் பேச்சை மாற்றிவிடுவார்.

பெட்டி கட்டி வைத்தவர்கள்

செஞ்சிலுவைக்காரர்கள் 1972லும் அடுத்த வருடமும் முகாம்களில் மேஜை போட்டு, எங்கே போக விருப்பம் என்று கேட்டுப் பதிவு செய்தபோது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாகிஸ்தான் என்று சொன்னார்கள். உஸ்தாதின் அம்மாவும் சொன்னார். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வார்? வீடு போய்விட்டது, கணவர் காணாமல் போய்விட்டார், மூன்று பிள்ளைகளோடு கூடாரத்தில். ஆனால் பாகிஸ்தான் எல்லாரையும் எடுத்துக்கொள்ளவில்லை. மேற்குப் பாகிஸ்தானில் பிறந்தவர்கள், மத்திய அரசு ஊழியர்கள், பிரிந்த குடும்பத்தார் என்று வடிகட்டி ஒன்றே முக்கால் லட்சம் பேர் வரை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தியது. அதன்பிறகு ஒவ்வொரு அரசும் ஒரு வாக்குறுதி. 1988ல் ஜியா உல் ஹக் காலத்தில் ஓர் அறக்கட்டளை. 1993 ஜனவரியில் நவாஸ் ஷெரீப் காலத்தில் ஒரே ஒரு விமானம், அதில் முந்நூற்றுச் சொச்சம் பேர். அவர்களைப் பஞ்சாபில் மியான் சன்னு என்ற ஊரில் குடிவைத்தார்கள். அந்த விமானம் போனதைப் பார்த்துவிட்டு உஸ்தாதின் அம்மா தகரப் பெட்டியில் துணியை மடித்துவைத்துக் காத்திருந்தார். அடுத்த விமானம் வரவே இல்லை. பெட்டி இன்னும் அறையில் இருக்கிறது, அதன் மேல்தான் ஜரிகைக் கண்டுகளை வைக்கிறார்கள்.

போனவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டால் உஸ்தாத் உதட்டைப் பிதுக்குவார். அவருடைய அத்தை மகன் கராச்சி ஒரங்கியில் இருக்கிறான். அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் போனால், டாக்காவிலிருந்து எப்போது வந்தாய், எப்படி வந்தாய், காகிதம் எங்கே என்று இன்றும் கேட்கிறார்களாம். அதே கராச்சியில் மச்சர் காலனியில் தலைமுறையாக வாழும் வங்காளிகளுக்கும் அட்டை கிடைப்பதில்லை. இரண்டு நாட்டிலும் இரண்டு மொழிக்காரர்களுக்கும் ஒரே மாதிரியான கவுண்டர்.

முகாமுக்குள்ளேயே தலைமுறைச் சண்டை இருந்தது. பெரியவர்கள் "நாங்கள் சிக்கிக்கொண்ட பாகிஸ்தானிகள், எங்களை அனுப்புங்கள்" என்று ஊர்வலம் போனார்கள். 1977ல் நசீம் கான் தொடங்கிய கமிட்டி அதற்காகவே இருந்தது. பிள்ளைகளுக்கு அது தலைவலி. வங்காளப் பள்ளியில் படித்து, வங்காளத்தில் கனவு கண்டு, உருதுவை எழுதவோ படிக்கவோ தெரியாத பிள்ளைகள் கராச்சிக்குப் போய் என்ன செய்வார்கள்? அந்தப் பிள்ளைகளில் சிலர்தான் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜெனீவா முகாமிலிருந்து பத்துப் பேர் போட்ட வழக்கில் 2003ல் அவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கத் தீர்ப்பு வந்தது. பிறகு சதாகத் கான் முதலானோர் போட்ட வழக்கில் 2008 மே மாதம், 1971ல் மைனராக இருந்தவர்கள், அதன்பிறகு பிறந்தவர்கள் எல்லாரும் பங்களாதேஷ் குடிமக்கள் என்று நீதிமன்றம் சொன்னது. எட்டு வயதுப் பையன் நாற்பத்தைந்து வயதில் குடிமகன் ஆனான். அன்றைக்கு முகாமில் ஜிலேபி கொடுத்தார்கள் என்றார் உஸ்தாத். அவருடைய அம்மா வாங்கிச் சாப்பிட்டார், பெட்டியை மட்டும் பிரிக்க விடவில்லை.

கடைசிப் பக்கம்

என் நண்பரின் பதில் ஏன் ஒட்டவில்லை என்று எனக்கு விளங்கியது ஒரு மத்தியானத்தில். புது சிம் கார்டு வாங்கப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். உஸ்தாத் வீட்டில் குனிந்து உட்காரும்போது சட்டைப் பையிலிருந்து அது மரச்சட்டத்தின் மேல் விழுந்தது. சின்ன மகன் எடுத்தான். இருபத்து இரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும், அப்பாவைவிட வேகமான கை. சவுதியில் அபாயாவுக்குக் கல் பதிக்கும் கடையில் வேலை ஏறக்குறைய முடிவாகியிருந்தது. என் பாஸ்போர்ட்டில் விசா முத்திரைகளை அவன் பார்க்கவில்லை, நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனான். அங்கேதான் முகவரி இருந்தது. எங்கள் தெருப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தான். "சாச்சா, இந்த வீட்டுல எவ்வளவு நாளா இருக்கீங்க?" தாத்தா காலத்திலிருந்து என்றேன். "இதைப் பார்க்க போலீஸ் வந்தாங்களா?" வந்தார்கள். ஏட்டு ஒருவர் வந்தார், அம்மி டீ கொடுத்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார், முடிந்தது. நான் சொல்லச் சொல்ல, அவன் கதை கேட்கிற பிள்ளையைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்புறம் தன் கதையைச் சொன்னான். பிறப்புச் சான்று இருக்கிறது, தேசிய அடையாள அட்டை இருக்கிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் முகாமின் பெயரையும் பிளாக்கையும் அறை எண்ணையும் எழுதிக் கொடுத்தான். கவுண்டரில் இருந்தவர் அதில் விரலை வைத்து, முகாம் நிரந்தர முகவரி ஆகாது, வேறு முகவரி கொண்டுவா என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வாசலிலேயே ஏஜென்ட் ஒருவன் பிடித்துக்கொண்டான். பணம் கொடுத்தால் வெளியே ஏதாவது ஒரு வீட்டின் கரண்டு பில், வாடகைப் பத்திரம் எல்லாம் தருவானாம். முகாமில் பாஸ்போர்ட் எடுத்தவர்களில் பலர் அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள். போலீஸ் விசாரணைக்கு வரும்போது அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பையனுக்குச் சம்மதம். அப்பா விடவில்லை.

"ஒரு கட்டத்துல வேற தெருப் பேரை எழுதுனா என்னப்பா குறைஞ்சுடும்?" என்றான் மகன். இந்தச் சண்டை அந்த வீட்டில் பல நாளாக நடக்கிறது என்பது அவன் குரலிலேயே தெரிந்தது.

உஸ்தாத் ஊசியை நிறுத்தவில்லை. "எழுதறதா இருந்தா உங்க தாத்தா வீட்டு முகவரிய எழுது. ஷாஜஹான் ரோடு. அதை எழுத விடுவாங்களா? மாட்டாங்க. மிச்சம் நம்மகிட்ட இருக்கறது இதுதான். நாளைக்கு ஏர்போர்ட்ல பொய்யினு கண்டுபிடிச்சா, பாரு, பிஹாரிக்காரன் கள்ள பாஸ்போர்ட் எடுத்திருக்கான்னுதான் பேசுவாங்க. என்னைக் குடிமகன்னு கோர்ட்டே சொல்லிருச்சு. நான் எதுக்குப் பொய் சொல்லிக் குடிமகன் ஆகணும்?"

அதற்கு மேல் யாரும் பேசவில்லை, வேலை நடந்தது. ஆனால் "இன்னும் என்ன வேணுமாம்" என்ற கேள்விக்குப் பதில் அங்கே கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். நீதிமன்றம் குடியுரிமையை ஆளுக்குக் கொடுத்தது. ஆனால் எந்த அலுவலகமும் ஆளைப் பார்ப்பதில்லை, முகவரியைத்தான் பார்க்கிறது. பாஸ்போர்ட், பாங்க் கடன், கடை லைசென்ஸ், அரசு வேலை என்று எதற்குப் போனாலும் ஒரு முகவரி வேண்டும். அந்த முகவரியோ 1972ல் தற்காலிகம் என்று எழுதப்பட்டு, அதன்பிறகு யாரும் திருத்தாத இடம். நிலம் அவர்கள் பெயரில் இல்லை. கரண்டு பில்லையே நிவாரண அமைச்சகம் கட்டிவந்தது, அந்தப் பாக்கிச் சண்டையில் கரண்டை வெட்டியதால் 2019 அக்டோபரில் முகாம்காரர்களும் போலீசும் தெருவில் மோதிக்கொண்டார்கள். வீட்டு வரி ரசீது இல்லை, பட்டா இல்லை, தனி மீட்டர் இல்லை. வெளியே வாடகைக்குப் போகலாம் என்றால், அடையாள அட்டையில் முகாம் பெயரைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்கு அறை காலி இல்லை. போகிறவர்களும் எட்டடி அறையைத் தைரியமாக விட்டுவிட்டுப் போக முடியாது, அது ஒன்றுதான் யாரும் வாடகை கேட்காத கூரை. ஆக, குடிமகன் ஆனபிறகும் முகாமை விட்டு வெளியேற வழி இல்லை. முகாமில் இருக்கும்வரை குடிமகன் என்று நம்ப ஆள் இல்லை. நண்பரிடம் இதைச் சொன்னேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்போ அந்த இடத்தை அவங்க பேருக்கே எழுதிக் குடுக்கணும்ங்கறியா?" என்றார். ஆமாம், அல்லது வேறு இடத்தில் வீடு கட்டி அவர்கள் பேருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். மறுவாழ்வுத் திட்டம் என்று அரசாங்கங்கள் பேசாமல் இல்லை. ஊருக்கு வெளியே தூரத்தில் கொண்டுபோய் வைப்போம் என்பார்கள். கபாப் கடைக்கும் ஜரிகை வேலைக்கும் நகரம்தான் சோறு போடுகிறது. அங்கே போய் யாருக்கு விற்பது?

2024 ஆகஸ்டில் ஷேக் ஹசீனாவின் ஆட்சி கவிழ்ந்த பிறகு முகாம் இன்னும் மோசமானது. போலீஸ் நிலையங்களில் கொள்ளை போன துப்பாக்கிகள் போதைக் கும்பல்களின் கைக்கு வந்து, சந்துக்குள்ளேயே சுட்டுக்கொண்டார்கள். பல பேர் செத்தார்கள். பத்திரிகைகளில் முகாம் என்றாலே போதை என்று வந்தது. துணி கொண்டுவந்து கொடுக்கிற வியாபாரிகள் உள்ளே வரப் பயந்து, ஹுமாயூன் ரோட்டிலேயே நின்று போன் செய்தார்கள் என்று உஸ்தாத் சொன்னார். ஆயிரக்கணக்கானவர்கள் விடிய விடியக் குனிந்து ஊசி பிடிக்கிற இடத்துக்கு ஒரு சில ரவுடிகளின் பெயரை வைத்துவிட்டார்கள் என்பதில் எனக்கு இன்றும் கோபம்.

2025 பிப்ரவரியில் இடைக்கால அரசு பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை தேவையில்லை என்று அறிவித்தது. அடையாள அட்டை இருந்தால் போதும். அது நாடு முழுமைக்குமான மாற்றம், முகாமை நினைத்துச் செய்ததல்ல. ஆனால் ஜெனீவா முகாமில் அந்தச் செய்தி பரவிய வேகம் வேறு எங்கும் இருந்திருக்காது. உஸ்தாதின் மகன் எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினான். சவுதிக் கடைக்காரர் ஆள் எடுத்து முடித்துவிட்டார், ஆனாலும் பாஸ்போர்ட் கையில் இருந்தால் அடுத்த வாய்ப்புக்கு ஆகும் என்றான். முகாம் பிள்ளைகளுக்குச் சான்றிதழ், பாஸ்போர்ட் வேலைகளில் உதவுகிற ஓர் அமைப்பு இருக்கிறது. அதில் இருக்கிற ஒரு பெண் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுத்திருக்கிறார். நிரந்தர முகவரிக் கட்டத்தில் என்ன எழுதினாய் என்று நான் திருப்பிக் கேட்டேன். அட்டையில் இருப்பதைத்தான் எழுத வேண்டும், அட்டையில் முகாம்தான் இருக்கிறது, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப் பிழை பார்த்தார் என்றான். கைரேகை எடுக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். கவுண்டரில் இந்த முறையும் திருப்பிக் கொடுத்தால், காரணத்தை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்கும்படி அந்தப் பெண் சொல்லி அனுப்பியிருக்கிறார். எழுத்தில் கிடைத்தால் 2008 தீர்ப்பின் நகலையும் சேர்த்து மறுபடி கோர்ட்டுக்குப் போகலாமாம்.